எங்க மொட்டைமாடிக்கு மேல பறந்தது

கம்பெனி கேன்டீன்ல டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு போனைப் பார்த்தேன். எங்க கோயில் வாட்ஸ்அப் குரூப்புல திருவிழா வீடியோ வந்திருந்துச்சு. முகப்புப் படத்துல தேர் இல்ல, மாதா சுரூபம் இல்ல. எங்க வீட்டு மொட்டைமாடி இருந்துச்சு. கைப்பிடிச் சுவர் ஓரமா நின்னு, உள்ளங்கையில பூவோட, தேரைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தா ஒருத்தி. நெத்தியில இருக்கிற தழும்பு வரைக்கும் தெரியுது. பிசைஞ்ச சோறு என் கையிலயே காஞ்சு போச்சு. பக்கத்துல இருந்தவ, "இன்னாக்கா, ஊர்ல யாருக்காவது ஏதாவதா"ன்னு கேட்டா. நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

அவ யாருன்னு சொல்லிடறேன். அம்பத்தூர் எஸ்டேட்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே லைன்ல சட்டை தைச்சவங்க. அவ காலர், நான் கஃப். ஒருநாள் யூனிஃபார்ம் மாத்துற ரூம்ல தற்செயலா அவ முதுகைப் பார்த்துட்டேன். இஸ்திரிப் பெட்டி அப்படியே பதிஞ்சிருந்துச்சு, கூர்முனையோட. கட்டினவன் வச்சது. குழம்புல உப்பு கம்மின்னு வச்சானாம். சட்டையில இஸ்திரி மடிப்பைப் பார்த்தாலே அன்னையில இருந்து நான் கண்ணை வேற பக்கம் திருப்பிக்குவேன்.

அவ போலீஸுக்குப் போனா. புத்தி சொல்லி அவன்கூடவே அனுப்பி வச்சாங்க. அம்மா வீட்டுக்குப் போனா. அவன் அங்க வந்து மாமியார் காலைப் பிடிச்சு அழுதான், அவங்களும் அனுப்பி வச்சாங்க. "இன்னொரு தடவை போனா உசுரோட திரும்ப மாட்டேன்க்கா"ன்னா. நான் ரொம்ப யோசிக்கிற ஆள் இல்ல. சேக்காட்டுல எங்க வீட்டு மாடியில ஷீட் போட்ட ரூம் ஒண்ணு பழைய சாமான் போட்டுக் கிடந்துச்சு. சாமானைத் தூக்கி வெளியில போட்டேன், வாடின்னேன். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிஞ்சார், அப்புறம் அவரே போய் அந்த ரூமுக்கு ஒரு ஃபேன் மாட்டினார்.

கம்பெனியை விட்டுட்டு மேலேயே உட்கார்ந்து ஜாக்கெட் தைச்சா. தெருவுல கேட்டவங்களுக்கு என் சித்தி பொண்ணுன்னு சொன்னேன். அவன் அவளோட சொந்தக்காரங்க வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினான்னு கேள்விப்பட்டோம். பக்கத்து மெஷின்காரி வீட்டுல இருப்பான்னு அவன் புத்திக்கு எட்டல. அவ இங்க இருக்கிறது வெளியில போகக் கூடாது, அவ்வளவுதான். அது ஒண்ணைத்தான் நான் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்.

அவளுக்குன்னு இருந்தது சாயங்காலம் மொட்டைமாடியில கொஞ்ச நேரம் காத்து வாங்குறதுதான். கீழ இருந்து பார்த்தா தெரியாது, எங்க கைப்பிடிச் சுவர் உயரம். பக்கத்துல எங்களை விட உசந்த கட்டடமும் கிடையாது. மேல இருந்து யாராவது பார்ப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?

எதிர் சந்துல ஒரு பையன். பையன்னா கல்யாண வயசு, கம்ப்யூட்டர் வேலை. அவன் ஒரு டிரோன் வாங்கினான். ஞாயித்துக்கிழமையானா போதும், வானத்துல மிக்சி ஓடுற மாதிரி ஒரு சத்தம். நாய்ங்க குரைக்கும், தூங்குற கைக்குழந்தைங்க வீறிடும். மிலிட்டரி ஏரியா பக்கத்துல இதெல்லாம் விடக் கூடாது, சுட்டுத் தள்ளிடுவாங்கன்னு தெருக்கோடி பெரியவர் ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருந்தார். யாரும் சுடல.

அதிகமா ஆடினது எங்க பக்கத்து வீட்டம்மாதான். மெஷின் மாதிரி உழைச்சு ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்துட்டுத் தனியா இருக்கிறவங்க. நல்ல மனசு, பெரிய வாய். எங்க பக்கத்துல உள்ளாடையை நடுக்கொடியில போட்டு, ரெண்டு பக்கமும் புடவையைப் போட்டு மறைச்சுத்தான் காயவைப்போம். எந்தப் பக்கத்துல இருந்து பார்த்தாலும் புடவைதான் தெரியும். "இப்ப அவன் மேலேர்ந்துல்ல பாக்கறான். புடவை போட்டு இன்னாமே புண்ணியம்? எங்க ஊட்டு மானம் வானத்துல கீது"ன்னு அந்தம்மா கத்தினதுல தெரு பொம்பளைங்க எல்லாம் கிளம்பிட்டோம். நானும் போனேன். என் கோபம் கொடியில காயுற துணிக்காக இல்லன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பையன் பயந்துபோய், "நான் ஏரியைத்தான்க்கா எடுக்கறேன், யாரையும் பாக்கறதில்ல"ன்னு அந்த ரிமோட்டைக் கொண்டுவந்து காமிச்சான். அங்கதான் எல்லாம் கெட்டுச்சு. "எங்க ஊட்டக் காட்டு நைனா"ன்னாங்க பக்கத்து வீட்டம்மா. அவன் பறக்க விட்டுக் காட்டினான். அவங்க வீட்டுத் தண்ணி டேங்க் மூடி காத்துல பறந்துபோய் காக்கா உள்ள முங்கிக்கிட்டு இருந்துச்சு. "அய்ய, இந்தத் தண்ணியிலதான் நான் வாய் கொப்புளிச்சுகினு இருந்தேனா"ன்னு அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஆளாளுக்கு என் வீட்டைக் காட்டு, என் டேங்கைக் காட்டுன்னு வரிசை. சண்டை போட வந்தவளுங்க சிரிச்சுக்கிட்டே காபி குடிச்சிட்டுத் திரும்பினாளுங்க. எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது. "எங்க மாடிப் பக்கம் வந்துச்சுன்னா கல்லால அடிப்பேன்"னு நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வந்தேன்.

ஒரே ஒரு விஷயத்துல அவன் இறங்கி வந்தான். சத்தம் கம்மியா வர்ற ரெக்கை விக்குதாம், அதை வாங்கி மாட்டினான். தெருவுக்கே சந்தோஷம். எனக்கு அப்பதான் பயம் ஜாஸ்தியாச்சு. அதுவரைக்கும் அந்தச் சத்தம் கேட்டா அவ ஓடிப்போய் ரூமுக்குள்ள புகுந்துக்குவா. இப்ப சத்தம் போச்சு, கண்ணு மட்டும் பாக்கி.

எங்க கோயில் திருவிழா வந்துச்சு. தேர் எங்க தெரு வழியாத்தான் வரும். "பூசைக்குப் போயி எத்தினி மாசமாச்சுக்கா, மாதாவை மேல இருந்தாவது பாக்கறேனே"ன்னு கேட்டா. எப்படி வேணாம்னு சொல்றது? எல்லாருடைய கண்ணும் தேர் மேல இருக்கும், மாடியை எவன் பார்க்கப் போறான்னு நினைச்சேன். முக்காடு போட்டுக்கிட்டு நில்லுன்னு மல்லிப்பூவை நானே வாங்கிக் குடுத்தேன். சாயங்காலம் தேர் வந்துச்சு, பேண்டு வாத்தியம் காதைப் பிளந்துச்சு. கோயில் பசங்க கேட்டுக்கிட்டதால அந்தப் பையன் தேருக்கு முன்னால டிரோனை விட்டுப் படம் எடுத்துக்கிட்டு வந்திருக்கான். கூட்டத்துல ஜெபமாலை சொல்லிக்கிட்டு நடந்த நான் அண்ணாந்தே பார்க்கல. மேல அவ பூவைத் தூவ கையைத் தூக்கினப்ப முக்காடு நழுவியிருக்கு.

அதுதான் என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்துல போன்ல இருந்த படம். லீவு சொல்லிட்டு ஷேர் ஆட்டோ பிடிச்சு ஓடினேன். அந்தப் பையன் வீட்டுலயேதான் கம்பெனி வேலை பார்த்துக்கிட்டு இருந்தான். கதவைத் திறந்ததும் சட்டையைப் பிடிச்சேன். "எவளைக் கேட்டுடா போட்ட?" "அக்கா, ரொம்ப அழகா இருந்துச்சு, அதான்." அழகாம். எனக்கு அறையணும் போல இருந்துச்சு. ஆனா அவ ஏன் ஒளிஞ்சிருக்கான்னு சொன்னதும் அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. அங்கேயே அழிச்சான். "நீ அழிச்சிட்ட, ஊர்ல இருக்கிற போன்ல எல்லாம் யாரு அழிப்பா?"ன்னு கேட்டேன். அவன் அழுதுட்டான். சின்னப் பையனை அழவச்சிட்டோமேன்னு தோணல, எனக்கு அப்ப யார் மேலயும் இரக்கம் வரல.

பட்டாபிராம்ல இருக்கிற அவ புருஷனோட அத்தைக்கு அந்த வீடியோ போயிருக்கு, அந்த அத்தை அவனுக்கு அனுப்பியிருக்கா. இது எங்களுக்குப் பின்னாலதான் தெரிஞ்சது, அதுவரைக்கும் அவன் கண்ணுல பட்டிருக்காதுன்னு நம்பிக்கிட்டு இருந்தோம்.

அந்த வாரத்துலயே ஒருநாள். வேலை முடிஞ்சு தெரு திரும்புறேன், எங்க வீட்டு கேட்டுல பக்கத்து வீட்டம்மா நிக்கிறாங்க. கூட ஒருத்தன். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில சுவீட் பாக்ஸ் பை. அவ காட்டின கல்யாண போட்டோவுல பார்த்த மூஞ்சிதான்.

"தோ வந்துட்டாங்களே"ன்னாங்க அந்தம்மா, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "உன் சித்தி பொண்ணு ஊட்டுக்காரராம்மே. போன்ல வீடியோவ வச்சுகினு, இது எந்தத் தெருன்னு டீக்கடையில கேட்டுகினு இருந்தாரு. பாவம், வெயில்ல அலஞ்சிகினு கீறாரேன்னு நான்தான் கையோட கூட்டியாந்தேன்."

எங்க பக்கத்துல வழி கேட்டா கையைக் காட்டி நிறுத்திக்க மாட்டாங்க, கூடவே நடந்து வீட்டு வாசல்ல கொண்டுவந்து விடுவாங்க. எத்தனை பேரை நானே அப்படிக் கொண்டுபோய் விட்டிருக்கேன். வானத்துல பறந்ததுக்கு பயந்து பயந்து செத்தேன், கடைசியில வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தது டிரோன் இல்ல. எனக்கு அதுதான் இன்னைக்கு வரைக்கும் ஆறல.

"இங்க அப்படி யாரும் இல்ல"ன்னேன்.

"இன்னாமே இல்லன்ற, நேத்து சாயங்காலம்கூட மாடில பாத்தேனே"ன்னாங்க அந்தம்மா.

அவன் சிரிச்சான். சத்தமா இல்ல, மரியாதையா. "பரவால்லக்கா, சின்ன மனஸ்தாபம். என் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறேன்"ன்னு வெளிப்பக்கம் இருக்கிற மாடிப்படியில கால் வச்சான். நான் ஓடிப்போய் படிக்கு நடுவுல நின்னேன். ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கத்துக் கம்பியையும் பிடிச்சுக்கிட்டேன். என்னைத் தள்ளிட்டுப் போகத்தான் வேணும், வேற வழி கிடையாதுன்னேன். மேல தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு. தெருவுல நாலு பேர் கூடிட்டாங்க. புருஷன் பொண்டாட்டி விஷயம், பேசித் தீத்துக்கலாமேன்னு எவனோ சொன்னான். அவனைத் திட்டினது எழுதுற வார்த்தையில இல்ல.

"நீ இருமே, நான் போயி அந்தப் பொண்ணுகிட்ட நல்ல வார்த்த சொல்றேன்"னு பக்கத்து வீட்டம்மா என் கைக்குக் கீழ குனிஞ்சு மேல ஏறினாங்க. சமாதானம் பண்ணி வைக்கிறதுல அவங்களுக்கு ஒரு பெருமை. கதவு திறந்துச்சு, மூடிச்சு. நான் அவன் கண்ணையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

அந்தம்மா இறங்கி வந்தப்ப அந்த மூஞ்சியில ரத்தமே இல்ல. கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. ஈரம் ஒண்ணும் இல்ல, சும்மா துடைச்சாங்க. நேரா அவன்கிட்ட போனாங்க. "நான் ஆள் மாத்திச் சொல்ட்டேன். இது வேற பொண்ணு. நீ கெளம்பு"ன்னாங்க. அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான். "கெளம்புன்றேன்ல"ன்னு அந்தம்மா போட்ட சத்தத்துல எதிர் சந்து பையனும் அவங்க அப்பாவும் ஓடிவந்துட்டாங்க. கூட்டம் அவன் பக்கம் திரும்பிச்சு. ஆளுங்களோட வர்றேன்னு சொல்லிட்டு சுவீட் பையை எங்க கேட்டுலயே மாட்டிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் வந்ததும் அதைத் தூக்கிக் குப்பையில போட்டார்.

அவன் திரும்பி வருவான், அதுல சந்தேகமே இல்ல. இனிமே அவ இங்க இருக்க முடியாது. எனக்குத் தெரிஞ்ச கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருத்தங்ககிட்ட பேசி ஒரு இடம் ஏற்பாடு பண்ணினேன். மறுநாள் மத்தியானம், தெருவே சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரத்துல ஆட்டோவைக் கூப்பிட்டேன். தையல் மெஷின் தலையை மட்டும் கழட்டி சாக்குல கட்டிக்கிட்டா. மத்ததெல்லாம் ஒரு பையில அடங்கிடுச்சு.

பக்கத்து வீட்டம்மா வாசல்ல வந்து நின்னாங்க. அவ கிட்ட போய் முதுகைத் தடவப் போனவங்க, கையைப் பின்னால இழுத்துக்கிட்டு தலையைத் தடவினாங்க.

ஆட்டோக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, "எங்கம்மா போவணும்?"னு கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். "இருமே"ன்னாங்க அந்தம்மா. "எனக்குத் தெரிய வாணாம். எவனாவது வந்து பாவமா கேட்டான்னா நான் சொல்லிடுவேன்." விறுவிறுன்னு அவங்க வீட்டுக்குள்ள போனாங்க. கதவைச் சாத்தினாங்க. ஜன்னலையும் ஒவ்வொண்ணா சாத்துற சத்தம் கேட்டுச்சு. அது எல்லாம் சாத்தி முடியுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் ஆட்டோக்காரர்கிட்ட இடத்தைச் சொன்னேன்.