இரண்டு கொலைகளுக்கு ஒரே வரி

ஜுலைகாவின் அத்தா செகந்திராபாத்தில் ரயில்வே ஃபிட்டர். வீட்டில் திருச்சித் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அந்தத் தெலுங்கை நம்பித்தான் ஒரு செய்தி சேனல், திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுத அவளை வைத்துக்கொண்டது.

2010 ஜூனில் ஒரு திங்கட்கிழமை, பழைய நகரத்து ஆட்டோ டிரைவர் ஒருவர் காதல் கல்யாணம் செய்த மகளைத் தலையணையால் அமுக்கிக் கொன்றுவிட்டார். ‘மகளைக் கொன்றார் தந்தை’ என்று ஜுலைகா எழுதினாள். தயாரிப்பாளர் பாலச்சந்திரன் ‘தந்தை’யை நீக்கி ‘மதவெறியர்’ என்று போட்டார். பின்னணிக்குப் பச்சை நிறமும் ரத்தம் சொட்டும் வாளும் வந்தன.

“வாள் ஏது சார்?”

“தலையணையைக் காட்டினா எவன் பாப்பான்? நீயும் விவாதத்துல உக்காரும்மா. உங்க ஆளுங்க ஏன் இப்படின்னு சொல்லு. தலையில துணி போட்டுக்க, போதும்.”

“எனக்குத் தெரிஞ்சது ரயில்வே காலனி மட்டும்தான் சார்” என்று மறுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை குகட்பள்ளியில் இன்னொரு பெண் இறந்தாள். வேறு சாதிப் பையனை மணந்தவள். அப்பா, சேனலுக்கு விளம்பரம் தரும் கட்டட கான்ட்ராக்டர். அப்பாவே வயரால் கழுத்தை நெரித்ததாக நிருபரின் முதல் குறிப்பு சொன்னது. திரைக்கு வந்த வரி: ‘மன உளைச்சலில் இளம்பெண் மரணம்.’ பின்னணியில் வெள்ளை ரோஜா.

“நக்கோம்மா, வேணாம்” என்றார் பாலச்சந்திரன், அவள் வாய் திறக்கும் முன்பே. “அது குடும்ப விஷயம். மரியாதையா சொல்லணும்.”

அவர் சாப்பிடப் போனதும், திங்கட்கிழமை தான் எழுதிய வரியையே ஜுலைகா திரையில் ஓடவிட்டாள். பதினோரு நிமிடம் ஓடியது. பிறகு நாள் முழுக்க மன்னிப்பு ஓடியது: ‘அக்குடும்பத்தின் கௌரவம் புண்பட்டதற்கு வருந்துகிறோம்.’ அவளை வானிலைக்கு மாற்றினார்கள்.

ஆகஸ்டில் குகட்பள்ளிப் பெண்ணின் கணவன் சுதர்சன் அலுவலகத்துக்கு வந்தான். போலீஸ் தற்கொலை என்று முடித்துவிட்டது. அந்தப் பதினோரு நிமிடப் பதிவு வேண்டும் என்றான். அது அழிந்துவிட்டது, மன்னிப்பின் பதிவு இருக்கிறது, வேண்டுமானால் தருகிறோம் என்றது வரவேற்பறை.

ஜுலைகா அவனை கேன்டீனில் உட்காரவைத்தாள். நிருபரின் குறிப்பில் இருந்ததையும் அது மாறிய விதத்தையும் எழுதி, வீட்டு விலாசத்தோடு கையெழுத்திட்டாள்.

“வேலை போயிடாதா அக்கா?” தெலுங்கில் கேட்டான்.

“போகும்” என்றாள்.

அடுத்த வாரமே போயிற்று. வழக்கை மறுபடி எடுக்கக் கோர்ட்டுக்கு இரண்டு வருடம் ஆனது. சாட்சிப் பட்டியலில் அவள் பதினான்காவது. கூப்பிட்ட அன்று காலை பத்து மணிக்கே போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள்.