யாழ்ப்பாணத்துக்காக வாங்கிய இறைச்சி

யாழ்ப்பாணம் புலிகள் கையில் விழும் நாளில் சமைப்பதற்கென்று வாங்கிய ஆட்டிறைச்சி எங்கள் அறை ஃப்ரீசரில் கிடந்தது. இரண்டாயிரமாம் ஆண்டின் கோடை. துபாய் சோனாப்பூரில் கம்பெனி கேம்ப், ஓர் அறைக்கு எட்டுப் பேர். ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், நான் ஒருவன்தான் யாழ்ப்பாணத்தான். ஆகவே அந்தப் போரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அறையில் முடிவாகியிருந்தது.

போரை நடத்தியவர் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த பைப் ஃபிட்டர். அவரைத் தளபதி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை, யாழ்ப்பாணத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அறையில் மொபைல் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். தலைமைக்கு அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

டியூட்டி முடிந்து, பஸ்ஸில் வந்து, குளியலறை வாசலில் வரிசையில் நின்று குளித்து, தரையில் பழைய பேப்பரை விரித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் தாக்குதல் தொடங்கும். தளபதி குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக் குடாநாடு செய்வார். பருப்பை ஊற்றினால் அது கடல்நீரேரி. பச்சை மிளகாய்தான் புலிகள் இயக்கம், வெங்காயத் துண்டுகள் இலங்கை ஆமி. ஏப்ரலில் ஆனையிறவு விழுந்த செய்தி வந்ததிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. யாழ்ப்பாணம்தான் தலைநகர், அது கைக்கு வந்தால் எல்லாம் முடிந்தது என்று சொல்லி அந்த இறைச்சியை அவர்தான் முன்கூட்டியே வாங்க வைத்தார். பச்சை மிளகாய் தினமும் சாவகச்சேரி வழியாகப் போகும். சாவகச்சேரியை அவர் ஒரே வாயில் முடித்துவிடுவார்.

என் மனைவியும் நான்கு வயது மகளும் சாவகச்சேரியில் இருந்தார்கள். மே மாதத்திலிருந்து அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கொழும்பிலிருந்த மைத்துனருக்குப் போன் எடுத்தால் அவருக்கும் தெரியவில்லை. யார் வென்றால் என்ன, அவர்கள் இருவரும் உயிரோடு இருக்கிறார்களா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை ஒருநாள் சாப்பாட்டில் வாய்விட்டுச் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் பிடிக்கிற இடத்தில சனம் இருக்குது."

"நீ ஒண்ணும் பேடிக்காத மக்கா. நம்ம பயலுவ சனத்துக்கு ஒண்ணும் ஆக விடமாட்டானுவ."

"ஷெல் என்ன, ஆளை விசாரிச்சுப்போட்டோ விழுகுது?"

எனக்குப் போர் நுணுக்கம் புரியவில்லை என்று எல்லோரும் என்னை மன்னித்தார்கள். தளபதி சாவகச்சேரியைப் பருப்பில் தோய்த்தார்.

பக்கத்து அறையில் சிங்களவர்கள். அங்கேயும் ஒரு தளபதி இருந்தார், வெல்டர். இவர் பிடிக்கும் யாழ்ப்பாணத்தை அவர் அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பார். வென்றால் பாற்சோறு போடுவதாகச் சொல்லி அரிசி வாங்கி வைத்திருந்தார். காலையில் சைட்டுக்குப் போனால் இவர் குழாயைப் பொருத்திப் பிடிப்பார், அவர் வெல்டிங் வைப்பார். அந்தக் குழாய்கள் ஒன்றுகூட ஒழுகியதில்லை.

அடுத்த வெள்ளி, அடுத்த வெள்ளி என்று யாழ்ப்பாணம் தள்ளிப்போனது. நகரத்தின் வாசல்வரை போன படை அங்கேயே நின்றுவிட்டது. பேப்பரில் முதல் பக்கத்தில் இருந்த செய்தி உள்பக்கத்துக்குப் போய், பிறகு தங்கவிலைக்குக் கீழே ஒதுங்கியது. அறையில் முட்டையும் பருப்பும் தின்று நாக்குச் செத்தவர்கள் ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்த்தார்கள். புதுக்கோட்டைக் கொத்தனார் ஒருவர் நியாயமாகவே கேட்டார்.

"பாதி தூரம் வந்தாச்சுல்ல? பாதிக் கறியையாவது ஆக்குவோமே."

தளபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "இது பின்வாங்கல் இல்லவே. மூச்சு வாங்குதோம்."

வாங்கியது யார் மூச்சு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் மைத்துனர் எடுத்தாலும் அந்த மொபைலுக்குத்தான் எடுப்பார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கேம்ப்பின் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. அந்த வெயிலில் ஃப்ரீசரிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. இரு தரப்பிலும் முதலில் சரணடைந்தது எங்கள் இறைச்சிதான். தளபதி வேறு வழியில்லாமல், இறைச்சி நிலவரத்தைக் கருத்தில் கொண்டு பிரியாணிக்கு உத்தரவு போட்டார். அரிசி போதவில்லை. வெல்டர் பாற்சோற்றுக்கு வைத்திருந்த அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தார். யாழ்ப்பாணம் இன்னும் அவர் தரப்பின் கையில்தான் இருந்தது, ஆனாலும் அவருக்குக் கொண்டாட மனமில்லை. அவருடைய தம்பி அங்கே ஆமியில் இருந்தான், அவருக்கும் தகவல் இல்லை.

பிரியாணி தம்மில் இருக்கும்போது மொபைல் அடித்தது. தளபதி எடுத்தார். முகம் மலர்ந்தது.

"தங்கச்சியா! நம்ம பயலுவ எதுவரைக்கும் வந்திருக்கானுவ?"

மறுபக்கத்திலிருந்து அவள் ஏதோ சொன்னாள். அவர் போனை என்னிடம் நீட்டினார். 'அண்ணை, அவரிட்டக் குடுங்கோ, காசு ஓடுது' என்றாளாம். பிறகுதான் சொன்னார்.

"நாங்கள் திருகோணமலையில நிக்கிறம்" என்றாள் என் மனைவி. "பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு செஞ்சிலுவையின்ர நோயாளர் கப்பலில ஏத்திவிட்டவை. இப்ப சுகம். வீடு இல்லை. ரெண்டு பக்கத்தாலயும் அடிச்சவங்கள், ஆரின்ர ஷெல் எண்டு தெரியாது."

நான் அழுதேன். எட்டுப் பேருக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். மகளின் குரலைக் கேட்க வேண்டும் என்றேன், அவள் தூங்குகிறாள் என்றாள். பிறகு, அழுகிற ஆளை வேறு பேச்சுக்கு இழுக்க அவள் எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"சாப்பிட்டாச்சோ?"

"இனித்தான். பிரியாணி."

"பிரியாணியோ? என்ன விசேஷம்?"

தளபதி சட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். கொத்தனார் பேப்பரை விரித்தபடி நின்றுவிட்டார். வெல்டர் வாசலில் தட்டோடு நின்றார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறியள் எண்டுதான்" என்றேன்.

காசு ஓடிக்கொண்டிருந்தது.

"அது உங்களுக்கு இப்பதானே தெரியும்?" என்றாள்.