பால் நேரத்தில் எழுதிய அத்தியாயம்

கலாநிதிப் பட்டம் கிடைத்தபின் வாசிப்பதும் எழுதுவதும்தான் தொழில் என்று நம்பி, அந்த நம்பிக்கையின் சூடு ஆறுவதற்குள் பிள்ளையும் பெற்றுக்கொண்ட தாய்மாரே, இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் ஆய்வு தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றியது. நானும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள்தான், ஆனால் பத்து வயதிலேயே விடுதி, படிப்பு என்று வெளியே போய்விட்டேன். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டைத் தமிழில் புத்தகமாகத் தரும்படி கொழும்பில் ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார். சித்திரைக்குள் கொடுக்காவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடும். நான்கு அத்தியாயம் முடித்திருந்தபோது ஓவியா பிறந்தாள். தோட்டத்துத் தாய்மாரைப் பற்றிய ஐந்தாவது அத்தியாயம் அப்படியே நின்றது.

பதினோரு நாளாக அதே பக்கம்

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர். நாங்கள் இருப்பது பாடசாலைக் குவார்ட்டர்ஸில். முன்பு இரண்டு நாளில் ஒரு புத்தகத்தை முடிப்பவள் நான். பிள்ளை பிறந்து ஆறு மாதமாகியும் ஒரே பக்கத்தைப் பதினோரு நாள் வாசித்தேன். பாதியில் அவள் அழுவாள், திரும்பி வந்தால் முதல் வரியே மறந்திருக்கும். பன்னிரண்டாம் நாள் அவள் துணிகளை அலசிவிட்டு வந்து பார்த்தால், பக்கத்தில் பாதியைக் காணவில்லை. ஓவியாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. விரலை விட்டுத் தோண்டி எடுத்துவிட்டு நான் அழத் தொடங்கினேன். கணவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனப்பா அழுறீர்? அந்தப் பக்கத்தைப் பிள்ளை திண்டிட்டாள். இனி நீர் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்தானே."

ஆயம்மாவின் காது

குவார்ட்டர்ஸுக்குக் கீழே பிள்ளை மடுவம். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுச் செல்வார்கள். பார்த்துக்கொள்ளும் ஆயம்மா சந்திரா பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர். அவருடைய தமிழ் முழுவதும் பிள்ளைகளிடமே கற்றது. காலையில் இரண்டு மணிநேரம் ஓவியாவை அங்கே விட்டுவிட்டு எழுதலாம் என்று ஏற்பாடு.

முதல் நாள் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வாசலிலேயே நின்றேன். உள்ளே ஒன்பது பிள்ளைகள். ஆயம்மா அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். தொட்டிலில் ஒரு பிள்ளை அழுதது. அவர் திரும்பாமலே, "அது தூக்கம்" என்றார். இன்னொன்று அழுதது. "அது சும்மா." மூன்றாவது சத்தத்துக்கு மட்டும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். ஒரு பிள்ளையின் காலில் எறும்பு ஏறியிருந்தது. மூன்று வருஷம் பெண்களின் பேச்சைப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதிய எனக்கு, என் ஒரே பிள்ளையின் அழுகை ஏனென்று அன்றுவரை தெரியாது. ஆயம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்: "ஹரி ஹரி, சரி, மிஸ் போய் எழுதுங்க. மிஸ் புள்ள அழுறத நான் படிச்சிக்கிறேன்."

ஒரு மடியில் இருவர்

ஐந்தாம் அத்தியாயம் எங்கே என்று கேட்கப் பதிப்பாளர் வீடியோவில் பேச வேண்டும் என்றார். எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது மேலே கோயில் வளைவில் மட்டும்தான். ஓவியாவை மடுவத்தில் விட்டுவிட்டு ஏறினேன். பேச்சு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கோயிலில் ஒதுங்கி ஒரு மணிநேரம் நின்றேன். ஓவியாவோ போத்தலைத் தொடமாட்டாள். இனிப் பொறுக்க முடியாது என்று நனைந்துகொண்டே ஓடினேன்.

மடுவத்தில் சத்தமே இல்லை. அது பால் நேரம், தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் நேரம். மூலையில் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். கொழுந்தெடுப்பவள், அவள் மகனுக்கும் ஓவியாவின் வயதுதான். ஒரு பக்கம் அவன் குடித்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் என் மகள். முன்பின் அதிகம் பேசியிராத ஒருத்தியின் மார்பில், சொந்த வீடு மாதிரிக் கண்ணை மூடிக் கிடந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். செல்வராணிக்கு அது வேடிக்கையாகப் பட்டது: "இதுக்கு எதுக்குங்க மன்னிப்பு? புள்ள அழுகுற சத்தம் கேட்டதும் எனக்குப் பால் ஊறிருச்சு மிஸ். அது யாரு வீட்டுப் புள்ளன்னு பாலுக்குத் தெரியுமா?"

ஓய்வு

நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை. "உங்களைப் போன்ற தாய்மாரைப் பற்றித்தான் எழுதுகிறேன், வாசித்துக் காட்டவா?" என்று கேட்டேன். "வாசிங்க" என்றாள். மறுநாள் பால் நேரத்தில், ஆய்வேட்டிலிருந்து தமிழாக்கி வைத்திருந்த ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வரியை வாசித்தேன்: "பாலூட்டும் தாய்மாருக்கு நாளில் இரு முறை ஓய்வு உண்டு." செல்வராணி குலுங்கிச் சிரித்ததில் மகன் வாயிலிருந்து மார்பு நழுவியது. "ஓய்வா? நாளைக்கு எங்கூட வந்து பாருங்க மிஸ்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆய்வுக் காலத்தில் பெண்களோடு மலை மலையாக அலைந்தேன். ஆனால் பால் நேரம் வந்ததும் ரெக்கோடரை நிறுத்திவிட்டு மலையிலேயே இருந்துவிடுவேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அவர்கள் இறங்கிப் போனதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை, பார்க்காததற்கு "ஓய்வு" என்று பெயர் வைத்தேன். பரீட்சகர்களும் பாராட்டினார்கள்.

மறுநாள் செல்வராணியோடு மலையில் நின்றேன். அரை மணிநேரம் தருவார்கள், நடையும் அதற்குள்தான். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஈரப் படிகளில் இறங்கினாள். காலில் ஏறிய அட்டையை நடந்துகொண்டே பிடுங்கி எறிந்தாள். பீலியில் விழும் தண்ணீரில் கையையும் மார்பையும் கழுவினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பிள்ளைக்கு மிஞ்சியது எட்டே நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்துக்குள் பால் கொடுத்தாள், அவன் நகங்களைப் பல்லால் கடித்து வெட்டினாள், மலையில் பார்த்த மரஅணிலைப் பற்றி ஒரு கதையும் சொல்லி முடித்தாள். எனக்கு ஒரு முழுக் காலையும் போதாமல் போகிறது! திரும்பி ஏறும்போது பாதி வழியில் மூச்சு முட்டி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மேலே கங்காணியின் சத்தம் கேட்டது. செல்வராணி நிற்காமலே திரும்பிப் பார்த்தாள்: "ஒக்காராதீங்க மிஸ். ஓய்வு முடிஞ்சிருச்சு."

சின்னப் பத்திகள்

ஐந்தாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினேன். காலையில் ஒரு பத்தி எழுதுவேன், பால் நேரத்தில் செல்வராணிக்கு வாசிப்பேன். பிடிக்காவிட்டால் தலையை ஆட்டுவாள், அந்த வரியை அடித்துவிடுவேன். சித்திரைக்கு நான்கு நாள் இருக்கும்போது கோயில் வளைவில் நின்று அனுப்பிவைத்தேன். பதிப்பாளர் உடனே போன் பண்ணினார். புத்தகத்திலேயே இந்த அத்தியாயம்தான் உயிரோடு இருக்கிறது, ஆனால் பத்திகள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று கேட்டார். அதை அப்படியே செல்வராணியிடம் கேட்டேன். மகனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "எட்டு நிமிசத்துக்கு மேல யாரு மிஸ் ஒக்காந்து கேக்குறது?"

கலாநிதிப் பட்டம் வாங்க எனக்கு ஐந்து வருஷப் படிப்புப் போதுமாயிருந்தது, அதில் ஒரு சொல்லைத் திருத்தத்தான் நான் ஒரு பிள்ளையைப் பெற்று, அதற்கு இன்னொருத்தி பால் கொடுக்க வேண்டியிருந்தது.