எண்பதில் பிடுங்கு

கரண்டு இருக்கும்போதே எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். தொட்டி, குடம், அண்டா, டார்ச், போன். நகரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த எனக்கு இது தானாகவே வந்த பழக்கம். கரண்டு போன பிறகு அரைக்குடத்தோடு நிற்பவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். அதனால் லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து அதையும் சொருகியே வைத்திருந்தேன். வீட்டிலிருந்தே வேலை. நூறு என்று காட்டியது. ஒயரை எடுக்கவில்லை. இரண்டு வருஷம் எடுக்கவில்லை. மெத்தைமேல் வைத்துத்தான் தட்டுவேன், தோசைக்கல் மாதிரி சுடும். "உழைக்குதுல்ல, சுடத்தான் செய்யும்" என்று என் மனைவிக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

ஒரு நாள் கரண்டு போனது. நூறில் இருந்த லேப்டாப் இருபதே நிமிஷத்தில் அணைந்தது. பேட்டரி கெட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கரண்டு வந்ததும் சொருகினேன். மறுபடி நூறு காட்டியது. அதோடு விட்டுவிட்டேன்.

நாங்கள் குடியிருப்பது பங்காருபாளையத்தில். மனைவிக்கு அங்கே மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. காயைக் கையில் எடுத்தாலே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவாள். சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். வருஷம் முழுக்கச் சம்பளம் வரும் வேலை. நேர்காணல் வீடியோவில். எங்களிடம் இருந்தது என் லேப்டாப் ஒன்றுதான்.

நேர்காணல் அன்று காலையிலிருந்தே காற்று. அவள் உட்கார்ந்ததும் கரண்டு போனது.

"இன்னாயா, பூட்ச்சே?"

"நூறு கீதுமே. நீ பேசு."

பொய் சொல்லவில்லை, நூறுதான் காட்டியது. கூழுக்கு ஆகிற பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று தெலுங்கில் கேட்டார்கள். "காம்புகிட்ட மோந்து பாத்தா" என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். திரை கருத்துவிட்டது. அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொல்லி முடித்தாள். லேப்டாப்புக்கு நெட் கொடுத்த போனிலும் அதற்குள் சிக்னல் போய்விட்டது. சாயங்காலம் நாங்கள் ஆலைக்குக் கூப்பிட்டபோது, அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார்கள்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ம்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம். அன்றைக்கு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

திருப்பதியில் ஒரு ரிப்பேர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றினார். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. "போயிந்தி சார். எப்பவும் சொருவியே வெச்சிருந்தீங்களா?" என்றார். நான் கடையில் மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்தேன். என் மனைவி ஆமாம் என்றாள்.

புதுசு போட்டுக்கொண்டே சொன்னார். எண்பதில் பிடுங்கிவிட வேண்டும். இருபதுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. மெத்தைமேல் வைக்கக்கூடாது. பல நாள் தொடாமல் வைப்பதானால் பாதியில் வைக்க வேண்டும்.

"ரொப்பாமயே எடுக்கறதா?" என்றேன். அநியாயமாகப் பட்டது.

"தூரத்து லோடுக்கு முக்காப் பக்குவத்துலதான பறிக்கிறாங்க? மரத்துலயே பழுக்க விட்டா வழியிலயே அழுவிப்பூடும். மண்டி பக்கத்துல குந்திக்கினு இது தெரியல உனக்கு?" என்றாள்.

"அந்தே அம்மா, அதேதான்!" என்றார் கடைக்காரர். லேப்டாப்பை என்னிடம் நீட்டியவர், கையை மாற்றி அவளிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து அது மரப்பலகைமேல் இருந்தது. எண்பதில் பிடுங்க என் கை வராது. இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே என்று தோன்றும். அடுப்படியிலிருந்து குரல் வரும்: "எத்தினி கீது?" எண்பத்தெட்டில் இருக்கும்போது "எழுபத்தொம்பது" என்பேன். அவள் வந்து பார்ப்பாள், பிடுங்குவாள், போவாள்.

அடுத்த சீசனில் ஆலையிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அன்று காலையில் அவளே சொருகினாள், எண்பது தாண்டியும் எடுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னிக்கி மட்டும். ஊருக்குப் போற நாள்ல வயிறு ரொம்பத் துன்னுட்டுதான போறோம்?" என்றாள்.

பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். பத்தேகாலுக்குக் கரண்டு போனது. நான் கதவுக்கு வெளியே குந்தி, ஏழுமலையானுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். உள்ளே அதே கேள்வி வந்தது. காம்பிலிருந்து ஆரம்பித்தாள். தோல், நிறம், சாறு, நார் என்று அவள் குரல் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"வேலை இன்னாச்சி?"

"முழுசா சொல்லி முடிச்சேன்யா" என்றாள். "இன்னும் நாப்பத்திரெண்டு கீது."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேலை கிடைத்த சேதி நாலு நாள் கழித்துத்தான் வந்தது.