மேட்டில் நிறுத்தக் கூடாது

எங்கள் குடும்பத்தில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வேன். அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஏனென்றால் அந்த ஒன்பதாம் வகுப்புக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கரடு கிடந்தது.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கற்குன்றின் தோளில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். வெயில் காலத்தில் மாட்டுவண்டி போகும். ஆனி மாதச் சாரல் பிடித்துவிட்டால் செம்மண் பாதை சோப்பு தேய்த்த கல்லாகிவிடும். மாடுகள் பாதி மேட்டில் முட்டி போட்டுவிடும். அப்புறம் அம்மாவும் நானும் பால் கேன்களைத் தலையில் சுமந்து, நடைக்கு மேல் நடை நடந்து, ரோட்டோரப் பால் சொசைட்டியில் ஊற்றுவோம். அதற்குள் காலை பஸ் போய்விடும். எட்டாவது வரை பள்ளிக்கூடம் கரட்டுக்கு இந்தப் பக்கமே இருந்ததால் பஸ்ஸைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஹைஸ்கூலோ பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தது.

அப்பா படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாலு நேரத்துக்குப் போயாகோணும் கண்ணு. அது நடந்தா நீ பஸ் ஏறு. நடக்கலீன்னா நான் என்ன பண்றது?" என்றார்.

பெரியப்பாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "எட்டு முடிச்சாச்சு. பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியுது. அப்புறம் என்னப்பா?" என்று கேட்டார். அவர் வீடு கரட்டின் அந்தப் பக்கம். இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான கிணறு எங்கள் பக்கம். மழையோ வெயிலோ, விடிந்ததும் கரடேறி வந்து கிணற்றை எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குக் காபி இறங்காது.

வழி காட்டியது அம்மாவின் தம்பி, என் மாமா. உக்கடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் பிட்டராக இருந்தார். ஆனைமலைக்கு மேலே ஓர் எஸ்டேட்டுக்குப் பம்ப் பழுது பார்க்கப் போனவர், அங்கே வெளிநாட்டு நாலுசக்கர மோட்டார்சைக்கிள் ஒன்று மலைச்சரிவில் ஏறுவதைப் பார்த்துவிட்டார். பார்த்ததைச் செய்து பார்க்காவிட்டால் தூக்கம் வராத ஆள். கழித்துப்போட்ட ஆட்டோவின் இன்ஜின், பழைய ஜீப் டயர்கள், மோட்டார்சைக்கிள் ஹேண்டில்பார், பின்னால் பக்கத்துக்கு ஒரு பால் கேன் உட்கார இரும்புச் சட்டம். ஒரு கோடை விடுமுறையின் கடைசியில் அது லாரியில் வந்து இறங்கியது. குதித்துக் குதித்துப் போனதால் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. பால் கேன்களைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாமா ஏறி உட்கார்ந்து பிரசங்கம் செய்தார். "மேடேறும்போது முன்னால சாஞ்சுக்கோணும். எறங்கும்போது பின்னால. ஒரே கியரு, ஒரே வேகம். நடு மேட்டுல மாத்தரம் நிறுத்தக் கூடாது. நிறுத்துனா ஆண்டவனாலயும் கிளப்ப முடியாது."

நன்றாகத்தான் ஏறினார். பாதி மேட்டில் எதிரே ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. பெரியப்பா.

எங்கள் பக்கம் பெரியவர்கள் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கி நிற்பான். மாமா யோசிக்கவே இல்லை. வண்டியை நிறுத்தினார், இறங்கினார், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். "வாங்கங்க, சௌக்கியமுங்களா?" என்றார்.

வண்டியும் மரியாதை தெரிந்தது போல மெல்லப் பின்வாங்கியது. கைப்பிரேக் போட்டுத்தான் இருந்தது. ஆனால் சுற்றாத சக்கரங்களும் அந்தச் சேற்றில் வழுக்கும் என்று அன்று தெரிந்துகொண்டோம். தவளை சறுக்கிக்கொண்டே போய் ஒரு வேப்பமரத்தில் இடித்து நின்றது. கேன்கள் உருண்டன. பாதையெல்லாம் வெள்ளையாக ஓடியது.

பெரியப்பா குடையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏப்பா, கரட்டுக்கு அபிசேகமா?"

அப்பா அன்று சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார். "இது நமக்குத் தோதுப்படாது மாப்ள. அடுத்த வாரம் எடுத்துட்டுப் போயிருங்க." மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அடுத்த வாரம்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. தவளை போனால் பஸ்ஸும் போனது என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு சைக்கிளே ஓட்ட வராது. அம்மா வண்டியின் பக்கமே வர மாட்டாள். மிச்சம் இருந்தது நான்.

அப்பா சந்தைக்கோ வெற்றிலைக் கொடிக்காலுக்கோ போகும் நேரமாகப் பார்த்து, மாமா மறந்துவிட்டுப் போன ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு தவளையை வெளியே எடுத்தேன். அம்மா பார்த்தும் பார்க்காதவள் போல மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். முதலில் சமதளச் சேற்றில் ஓட்டினேன். பிறகு மேட்டின் அடிவாரம் மட்டும். கேன்களில் தண்ணீர் நிரப்பிக் கட்டினேன். அரைக் கேன் உள்ளே அலைமோதி வண்டியை ஆட்டும், முழுக் கேன் சும்மா இருக்கும். வழுக்கும் இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். இறக்கத்தில் கிளச்சைப் பிடிக்காமல் சின்ன கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை சரிவில் குறுக்கே திருப்பிவிட்டேன். மேட்டுப் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. உடம்பு முழுவதையும் மேட்டுப் பக்கம் சாய்த்தேன். சக்கரங்கள் யோசித்துவிட்டுத் திரும்ப இறங்கின. அதற்கப்புறம் ஏறினால் நேராக ஏறுவது, இறங்கினால் நேராக இறங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

பள்ளி திறக்கும் நாள் காலையில் நல்ல சாரல். அப்பா சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தார். நான் பாவாடையை இழுத்துச் செருகி, ஹெல்மெட்டோடு தவளையில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, கேனை இதுல வெச்சுக் கட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தவிட்டுத் தொட்டியில் கையை விட்டபடி நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உளுந்துபோட்டீன்னா?"

"உளுந்துட்டா இனிமே பள்ளிக்கோடத்துப் பேச்சே எடுக்க மாட்டனுங்க."

அவர் கயிற்றை இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றிக் கட்டினார்.

சின்ன கியரில் மேட்டைப் பிடித்தேன். முன்னால் சாய்ந்து, மூச்சைக்கூட ஒரே அளவில் விட்டுக்கொண்டு. வேப்பமரத்தைத் தாண்டினேன். சரியாக மாமா நிறுத்திய அதே இடத்துக்கு மேலே, அதே கறுப்புக் குடை வந்துகொண்டிருந்தது.

என் கால்கள் இறங்கத் தயாராகிவிட்டன. அவை பிறந்ததிலிருந்து பழகியது அது. கால் கட்டைவிரல்களை அழுத்திப் பிடித்து அவற்றை அங்கேயே வைத்திருந்தேன். கும்பிடக் கையும் ஒழியவில்லை.

"நிறுத்த முடியாதுங்க பெரியப்பா," என்று கத்தினேன்.

அவர் கள்ளிவேலி ஓரம் ஒதுங்கினார். தவளை அவரைக் கடக்கும்போது பின்சக்கரம் சேற்றை வாரி வெள்ளை வேட்டியில் தெளித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, ஊர்ந்து ஊர்ந்து இறங்கினேன். பாலை ஊற்றி, தவளையைச் சொசைட்டிக் கொட்டகையில் நிறுத்திவிட்டு ஓடினேன். பஸ் எனக்குப் பிறகுதான் வந்தது.

சாயங்காலம் தவளையோடு வீடு திரும்பியபோது பெரியப்பா வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் மாட்டுக்கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டு கேட்டேன்.

"வேட்டியெல்லாம் சேறப்பா. நம்மூட்டுப் புள்ள எறங்கக்கூட இல்ல."

"சின்னப் புள்ளைங்கண்ணா. நான் சொல்லி வெக்கறனுங்க."

அம்மா கொடுத்த மோரைப் பெரியப்பா முழுவதும் குடித்தார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கும் அந்நேரந்தான் போவாளா?"

"ஆமாங்கண்ணா," என்றார் அப்பா, சின்னக் குரலில்.

மறுநாள் பயந்துகொண்டே ஏறினேன். குடை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மழை ஓய்கிற வரைக்கும் அந்த நேரத்தில் அவரைக் கரட்டில் நான் பார்க்கவே இல்லை. கிணற்றை மட்டும் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை போலும், போகட்டும், ஜெயித்தது நான்தானே என்று நினைத்துக்கொண்டேன். தவளையை எடுத்துப்போக மாமாவும் வரவில்லை.

கல்லூரி விடுமுறையில் ஒரு மழைநாள், பெரியப்பா வீட்டுக்கு ஓடை வழியாகப் போனேன். கரட்டைச் சுற்றிக்கொண்டு போகும் நீளமான வழி. முள்ளும் முழங்கால் சேறுமாக இருந்தது. ஓடை இறக்கத்தில் மட்டும் கால் வைக்கத் தோதாகத் தட்டைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் உயரமான ஆளின் எட்டுக்கு அளந்து போட்டது போல இருந்தது.

"இந்தக் கல்லெல்லாம் எப்பங்க போட்டது?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

"நீ ஹைஸ்கூலு சேர்ந்த மழைக்குத்தான் அம்மணி. கரட்டு வழி வழுக்குதுன்னு உங்க பெரியப்பா இதுல போக ஆரம்பிச்சாரு."

பிறந்ததிலிருந்து அந்தக் கரட்டில் ஏறி இறங்கியவர் உள்ளே முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏங்கண்ணு, இன்னுமா படிப்பு முடியல?" என்றார்.

நாளைக்கும் அந்நேரந்தான் போவாளா என்று அவர் அன்று கேட்டதை, அந்தக் கற்களைப் பார்க்கும் வரைக்கும் நான் மிரட்டல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.