தெப்ப வண்டியின் ஆணி

எங்கள் கோயில் தெப்பத்துக்கு முகம் உண்டு. அன்னத்தின் முகம். மரத்தில் செதுக்கி, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ணம் பூசுவார்கள். அந்த முகம் எப்போதும் தெருவைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும். பெருமாளைச் சுமந்தது ஊருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று வழக்கம். ஆகையால் உற்சவம் முடிந்த மறுநாள் காலையில் தெப்பத்தை வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டு வந்தால், நேராக உள்ளே விட முடியாது. மாட்டை அவிழ்த்துவிட்டு, ஆட்களே பின்பக்கமாகத் தள்ளி ஏற்ற வேண்டும்.

மழைத் தண்ணீர் புகாதபடி கொட்டகையை மேட்டில் கட்டியிருந்தார்கள். தெருவிலிருந்து வாசல் வரை ஏற்றம். ஏற்றத்தின் இரண்டு பக்கமும் செங்கல் சுவர். சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

நான் வண்டிக்காரன். நாலாவது வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தெப்ப வண்டியை இழுத்துப் போய்க் கொண்டுவந்து விடுவது எங்கள் வீட்டுக் கைங்கரியம். ஏற்றும்போது முன்னால் மாடு பூட்டும் தண்டைப் பிடித்துத் தள்ளும் ஆட்களுக்கு நான்தான் தலை. சுவர் இடுக்கில் நின்று முட்டுக்கட்டை போடுகிறவர் என் தங்கை புருஷன். பட்டுத் தறிக்காரர். முதல் குழந்தை ஜுரத்தில் கிடந்தபோது, பிழைத்தால் வருஷா வருஷம் தெப்ப வண்டிக்குக் கட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். குழந்தை பிழைத்தது. அதிலிருந்து தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

அந்த வேலை சுலபமில்லை. நாங்கள் வண்டியை ஒரு முழம் மேலே தள்ளினால், அது திரும்பச் சரியாதபடி அவர் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருக வேண்டும். மறுபடி தள்ளினால் கட்டையை எடுத்து மறுபடி செருக வேண்டும். எடுக்கிற நேரத்தில் அவ்வளவு பாரமும் எங்கள் கையில்தான் நிற்கும். என் தங்கைக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ஒவ்வொரு வருஷமும் வாசலில் நின்று சொல்லுவாள்.

“அண்ணே, அவர் கையிலதான் எங்க வூட்டு அடுப்பு எரியுது. பார்த்துக்க.”

“என்னை ஏம்மா சொல்றே? கட்டை போடறவரு அவரு.”

“தண்டைப் புடிக்கிறவரு நீதானே.”

மச்சான் சிரிப்பார். “பெருமாளை நம்பலாம். உங்கண்ணனையும் நம்பலாம். அந்தக் கொல்லன் பண்ணி வெச்சிருக்கிற பிரேக்கைத்தான் நம்ப முடியல.”

பிரேக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து மோட்டார் பஸ் எங்கள் ஊருக்கு ஓட ஆரம்பித்திருந்த சமயம். அதற்கு முந்தின வருஷம் குளத்துச் சரிவில் இறங்கும்போது தெப்ப வண்டி மாடுகளை இடித்துத் தள்ளிவிட்டது. தர்மகர்த்தா பயந்துபோய், மோட்டாரைப் பார்த்த ஒரு கொல்லனிடம் பேசி வண்டிக்கும் பிரேக்கு வைக்கச் சொன்னார். அவன் கெட்டிக்காரன். தண்டை வண்டியோடு இறுக்கிப் பூட்டாமல், கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும்படி செய்தான். மாடு நின்று வண்டி அதன்மேல் மோதப் போனால் தண்டு உள்ளே போகும். தண்டு உள்ளே போனால் இரண்டு கட்டைகள் பின்சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்; தண்டை மறுபடி வெளியே இழுத்தால்தான் விடும். இறக்கத்தில் அது அருமையாக வேலை செய்தது.

கொட்டகைக்கு வந்தபிறகுதான் வினை தெரிந்தது. பின்னால் ஏற்றுவதற்கு நாங்கள் தண்டைத் தள்ளினோம். தள்ளத் தள்ளத் தண்டு உள்ளே போயிற்று. பிரேக்கு கவ்விக்கொண்டது. எவ்வளவு பலமாகத் தள்ளினோமோ அவ்வளவு பலமாகக் கவ்வியது. பன்னிரண்டு பேர் வியர்த்துக் கொட்ட, வண்டி ஓர் அங்குலம் அசையவில்லை.

“பெருமாளுக்கு உள்ள போவ இஷ்டமில்லபா” என்றான் ஒருவன்.

“பெருமாளுக்கு இஷ்டந்தான். கொல்லனுக்குத்தான் இஷ்டமில்ல” என்றார் மச்சான்.

கொல்லனைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தார்கள். அவன் தண்டில் ஒரு துளை போட்டு, அதற்கு ஓர் இரும்பு ஆணியும் கொடுத்தான். ஆணியைச் செருகினால் தண்டு நகராது, பிரேக்கும் பிடிக்காது. தள்ளி ஏற்றலாம். ஆனால் ஆணி உள்ளே இருக்கும்வரை வண்டிக்குப் பிரேக்கே கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஆணி என் பொறுப்புக்கு வந்தது. நாங்கள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். தண்டிலிருந்து யாரும் கையை எடுப்பதற்கு முன் நான் ஆணியை உருவி, “எடுத்தாச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். பிரேக்கு கவ்வும். மச்சான் சுவர் இடுக்கிலிருந்து, “சரி” என்பார். அதற்கப்புறம்தான் கையை விடுவது.

ஏற்றத்தின் பாதியில் ஒரு கல் பதித்திருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, அன்னத்தின் முகத்துக்கு அர்ச்சகர் கற்பூரம் காட்டுவார். எல்லாரும் கும்பிட்ட பிறகு மீதி ஏற்றம். இப்படி இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

மூன்றாவது வருஷம் தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதி நெய்திருந்தது. முதல்நாள் சாயங்காலம் நான் போனபோது மச்சான் நெய்துகொண்டிருந்தார். நாடா நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தக்காளிப் பழ நிறம், மாம்பழ மஞ்சளில் கரை. தங்கை வழக்கம்போல் சொன்னாள். நானும் வழக்கம்போல் சரி என்றேன்.

மறுநாள் காலையில் காற்று அடித்தது. கல் வரைக்கும் வண்டியை ஏற்றிவிட்டோம். இன்னும் நாலு விரல் மேலே போனால் சக்கரம் சரியாக நிற்கும் என்று மச்சான் சொன்னார்.

“இருங்க, கட்டையை எடுத்து மாத்திக்கிறேன். புடிச்சுக்கினு இருங்க.”

நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம். அர்ச்சகர் இடுக்கைப் பார்க்க முடியாத இடத்தில், அன்னத்தின் முகத்துக்கு எதிரே நின்றிருந்தார். காற்றில் கற்பூரம் இரண்டு முறை அணைந்துபோயிருந்தது. மூன்றாவது முறை பற்றிக்கொண்டதும், இதுவும் போய்விடுமே என்று உடனே தட்டைத் தூக்கிவிட்டார். மணி அடித்தது.

நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மணிச் சத்தம் கேட்டால் என் இரண்டு கையும் தானாகத் தலைக்குமேல் போகும். சின்ன வயசிலிருந்து அப்படி. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. சுடர் கண்ணில் பட்டது, கை மேலே போய்விட்டது. என்னைப் பார்த்து மற்றவர்களும் கையை எடுத்தார்கள். ஆணி துளைக்குள்ளேயே இருந்தது.

வண்டி ஒரு சாண்தான் இறங்கியது. அதற்குள் யாரோ தண்டில் பாய்ந்து பிடித்துவிட்டார்கள். மச்சான் கத்தவில்லை. “தள்ளுங்கப்பா, கை இருக்குது” என்று மட்டும் சொன்னார். சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னார். தள்ளினோம். வலது கை கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. நாடா போட அந்தக் கை உதவாது.

தங்கை என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசவே இல்லை. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: “எங்கண்ணன் பெரிய பக்திமானு. என் புருஷன் கை சக்கரத்துல இருக்கும்போது கும்பிட்டுக்கினு இருந்தாராம்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பாதிப் புடவையை நெய்து முடிக்க வேறு ஆள் வந்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்களே. அவன் தறியில் உட்கார்ந்திருந்த நாட்களில் மச்சான் வாசல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பார். பிறகு தறியைப் பிரித்துச் சுவரோரம் சாத்திவிட்டார்கள். அவர் இடது கையால் ராட்டையைச் சுற்றி மற்றவர்களுக்கு நூல் இழைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அது பெண்பிள்ளைகள் செய்கிற வேலை. சுற்றும்போது யாராவது வந்தால் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் நான் அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

“அழுவாதே, மச்சான். சாமியைப் பார்த்துக் கும்பிட்டே. அதுக்கு நான் எப்படிக் கோச்சுக்கிறது?”

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பெருமாளிடம் போய்க் கேட்கலாம் என்றாலும் என்னவென்று கேட்பது? குழந்தைக்காக வேண்டிக்கொண்டவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் அந்த இடுக்கில் நின்றார். நான் பெருமாளைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினேன். சந்நிதியில் போய் நிற்பேன், ஒன்றும் வராது. திரும்பி வந்துவிடுவேன்.

அடுத்த வருஷம் தண்டுக்கு வரமாட்டேன் என்று தர்மகர்த்தாவிடம் சொன்னேன். வேறு யாருக்கு அந்த வண்டி படியும் என்றார். போனேன். கட்டை போட வேறு ஆள் நின்றான். கல் வரை ஏற்றினோம். ஆணியை உருவினேன். “எடுத்தாச்சு” என்றேன். பிரேக்கு கவ்வியது. இடுக்கிலிருந்து, “சரி” என்று புதுக் குரல் வந்தது. அர்ச்சகர் கற்பூரத்தைக் காட்டினார். எல்லாரும் கும்பிட்டார்கள்.

மச்சான் தெருவில், கூட்டத்துக்கு முன்னால், அன்னத்தின் முகத்துக்கு நேரே நின்றிருந்தார். துண்டிலிருந்து வலது கையை எடுத்து இடது கையோடு சேர்த்து உயர்த்தினார். ஐந்து விரல் ஒரு பக்கம், இரண்டு விரல் ஒரு பக்கம். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் தண்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

“நீயும் கும்பிடு, மச்சான். வண்டி நிக்குது பாரு” என்றார்.

நிற்கிறது என்று எனக்கும் தெரியும். ஆணியை நான்தான் உருவினேன். ஆனாலும் கை தண்டை விட்டு வரவில்லை. கற்பூரம் எரிந்து முடிந்துபோயிற்று.

அதற்கப்புறம் எத்தனையோ தெப்பம் வந்து போய்விட்டது. வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும்போதுகூட என் இடது கை எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கதவு நிலையை, சில நாள் வெறும் சுவரை. ஒரு கையால் கும்பிடுகிறேன். பெருமாள் அதை எடுத்துக்கொள்கிறாரா என்று எனக்குத் தெரியாது. மச்சான் வீட்டுச் சுவரோரம் தறிக் கட்டைகள் அப்படியே சாத்தியிருக்கின்றன.