கருகாத முளைப்பாரி

மொக்கம்மாளுக்கு முட்டு நின்றபோது அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அவள் ஊரில், முட்டு என்கிற மாதவிலக்கு வந்த பெண்கள் ஊருக்கு வெளியே உள்ள முட்டுவீட்டில்தான் கிடக்க வேண்டும். மழையோ, காய்ச்சலோ, கைப்பிள்ளையோ, எந்தச் சலுகையும் கிடையாது. ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். சோற்றைக்கூடப் பெண்கள்தான் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். "இனி நானும் ஆம்பளதான்டி," என்று ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்பில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அதோடு ஒரு மரியாதையும் வந்து சேர்ந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு அம்மனுக்கு முளைப்பாரி போடுவார்கள். பயறு விதைத்த சட்டிகள் இருக்கும் இருட்டறைக்குள் போய் நீர் தெளிக்க, முட்டு நின்ற பெண்ணுக்கு மட்டுமே உரிமை. ஊர் மொக்கம்மாளைக் கூப்பிட்டது. வருஷா வருஷம் அவள்தான் தெளித்தாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பாரி போட்ட மறுநாள், அவள் சேலையில் கறை பட்டிருந்தது. நின்று ஏழெட்டு வருஷம் கழித்து! வெளியே சொன்னால் முட்டுவீடு. அதைவிட, தீட்டோடு பாரி அறைக்குள் போனவள் என்ற பேச்சு ஏழு தலைமுறைக்கும் நிற்கும். புருஷன் முத்துவீரனிடம்கூட மூச்சு விடவில்லை. துணியை ஓடையில் அலசிவிட்டு, அறைக்குள் போகும்போதெல்லாம் கும்பிட்டாள். "ஆத்தா, இது குத்தம்னா பாரியக் கருக்கிக் காட்டிரு."

பாரி கருகவில்லை. முழ உயரத்துக்கு மளமளவென்று வளர்ந்து நின்றது. "ஒங் கைக்குத் தங்கக் காப்புத்தான்டி போடணும்," என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள்.

மொக்கம்மாளுக்கு உயிர் வந்தது. ஆத்தாளே ஏற்றுக்கொண்டாள் என்றால் இது தீட்டில்லை, தீட்டில்லை என்றால் பயப்படவும் ஒன்றுமில்லை என்று தீர்மானித்துவிட்டாள். அடி பாவி மகளே, எதைக் கொண்டுபோய் எதோடு முடிச்சுப் போட்டாய்! அடுத்த வருஷமும் கறையை மறைத்துக்கொண்டே நீர் தெளித்தாள். அந்த வருஷமும் பாரி நன்றாகத்தான் வந்தது.

பிறகு இடுப்பு வலி வந்தது. நாற்றம் வந்தது. ஜீப்பில் பெண்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருநாள் ஏலச்செடிக்கு நடுவே மயங்கி விழுந்தாள். தேனியில் வாக்கப்பட்ட மகள் செல்வமணி வந்து மதுரைக்குக் கூட்டிப் போனாள்.

"கர்ப்பப்பை வாயில புத்து. மொத கறை பட்டப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா," என்றார் டாக்டரம்மா. செல்வமணி தாயின் முகத்தைப் பார்த்தாள். மொக்கம்மாள் தலையைத் தூக்கவில்லை. கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். வலி கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஊர் எல்லையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள் மொக்கம்மாள். "என்னய முட்டுவீட்டுல விட்ருங்க."

"இது தீட்டில்லம்மா, நோவு," என்று செல்வமணி அழுதாள்.

"அன்னைக்கும் தீட்டில்லன்னுதான் நெனச்சேன். போதும் தாயி."

அவள் பிடிவாதம் ஊரறிந்தது. அங்கேயே பாய் விரித்தார்கள். செல்வமணி கூடவே கிடந்தாள்; கறையையும் பாரி முன்னால் கேட்ட வேண்டுதலையும் தாய் சொல்லக் கேட்டு அப்பனிடம் சொன்னாள். முத்துவீரன் தினமும் முட்டுவீட்டுக்கு எதிரிலிருந்த புளியமரம் வரை வந்து நின்றுவிட்டுப் போனார். கஞ்சி இறங்காமல் போன அன்று மகள் வெளியே வந்து அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மனுஷன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உள்ளே நடந்தார். கல்யாணமான நாளிலிருந்து மிதிக்காத வாசல் அது.

"இங்கன வரக்கூடாதுங்க. தீட்டு," என்றாள் மொக்கம்மாள்.

"வந்துட்டேன்ல," என்று அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பாரி நல்லாத்தானங்க வந்துச்சு? ஆத்தா கோவிக்கலையில்ல?" என்று கேட்டாள்.

அவர் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். அந்தப் பாரி கருகித் தொலைந்திருந்தால் ஊரே கூடிக் காறித் துப்பியிருக்கும். அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். அவள் பிழைத்திருப்பாள்.

"நல்லாத்தான் வந்துச்சு புள்ள," என்றார்.